நகைக்கடையில் கண்ணாடி பிடித்தவன்

"இன்னும் கொஞ்சம் கீழே," என்றார் அந்த அம்மாள். இறக்கினேன். "அவ்வளவு வேண்டாம்." ஏற்றினேன். "இப்ப மூக்கு மட்டும்தான் தெரியுது." சாய்த்தேன். நகைக்கடையில் தங்கத்தை எடுத்துக் காட்டுவது முதலாளி, அடித்து உருவாக்குவது பத்தர். ஆனால் அது கழுத்துக்குப் பொருந்துகிறதா என்று முடிவு செய்வது கண்ணாடி பிடிப்பவனின் மணிக்கட்டு.

தேயிலை விலை விழுந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில், கண்டியில் ஒரு சின்ன நகைக்கடையில் அந்த மணிக்கட்டு என்னுடையதாக இருந்தது. முதலாளி ஹாஜியார் காலை பஸ்ஸில் கெலிஓயாவிலிருந்து வருவார். பின்கட்டில் கரி அடுப்பும் பொன்னுச்சாமிப் பத்தரும். நான் மஹய்யாவவிலிருந்து நடந்து வருவேன். அதற்கு முன்பு ரயில் கூட்ஸ் ஷெட்டில் அரிசி மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். அந்தக் கையைப் பார்த்துத்தான் ஹாஜியார் என்னை எடுத்தார். நின்றுகொண்டே உத்தியோகம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மூட்டை கனம்தான், ஆனால் சுமந்தவனை இறக்கி வைக்கச் சொல்வார்கள். கண்ணாடி லேசு. அதை இறக்கி வைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றாது.

தொழிலில் படிக்க அதிகமில்லை. வாசல் வெளிச்சம் நகையில் விழ வேண்டும், நம் மூச்சு கண்ணாடியில் விழக்கூடாது. முக்கியமானதைப் பத்தர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தாடைக்குக் கீழ பிடிச்சா நகை தெரியும். மேல போனா வயசு தெரியும்."

திரைக்கு இந்தப் பக்கம்

ஹாஜியாரின் சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம். அந்த வீட்டுப் பெண்கள் கடைக்கு வரமாட்டார்கள். கடைதான் அவர்களிடம் போகும். நகைப்பெட்டியோடு ஹாஜியாரும் கண்ணாடியோடு நானும் கெலிஓயா போனோம். நடு அறையில் பூப்போட்ட திரை. பெட்டி உள்ளே போயிற்று. ஹாஜியார் முன் கூடத்தில் ஆண்களோடு உட்கார்ந்துவிட்டார். நான் திரையின் ஓரமாக நின்று, இரண்டு கைகளையும் இடைவெளி வழியாக உள்ளே நீட்டிக் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். இதுதான் வழக்கம். எனக்கு அது முதல் தடவை.

மரியாதை தவறிவிடக்கூடாது என்பதில் நான் மிகக் கவனமாக இருந்தேன். கழுத்தை முடிந்தவரை திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரில் ஒரு பல்லி. அது ஒரு பூச்சியைப் பிடித்து, விழுங்கி, இளைப்பாறி, அடுத்த பூச்சிக்குப் புறப்பட்டது. உள்ளே வளையல் சத்தம், கிசுகிசுப்பு, பிறகு அடக்கிய சிரிப்பு. தோள் இற்று விழுந்துவிடும் போலிருந்தது. நகை பிடித்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சமாளித்தேன். கண்ணாடியின் மரமுதுகு அவர்களைப் பார்த்தும், முகம் என்னைப் பார்த்தும் இருந்தது எனக்குத் தெரியவில்லை. கடைசியில் வயதான ஒரு குரல், மிகப் பதமாக, திரைக்கு உள்ளிருந்து வந்தது: "மகன், நீங்க பாத்து முடிஞ்சிச்சி எண்டா எங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்களே."

துரை வீட்டுக் கண்ணாடி

தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துரை கப்பலேறிப் போக, அவர் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஹாஜியார் கடையில் உட்கார இரண்டு கதிரை எடுக்கப் போனவர். திரும்பி வரும்போது ஆளுயரக் கண்ணாடி ஒன்றோடு வந்தார். அதில் தன்னைத் தொப்பியிலிருந்து செருப்பு வரை ஒரே பார்வையில் கண்டுவிட்டாராம். அதன் பிறகு கதிரை ஞாபகம் வரவில்லை. ஏலக்காரர் கூடவே ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தையும் போட்டுக் கொடுத்திருந்தார். உலகத்தில் தங்கமும் கண்ணாடியும் வந்த கதை அதில் இருந்தது.

லொறி தெருமுனையில் நின்றது. அங்கிருந்து நாலு பேர் கண்ணாடியைத் தூக்கி வந்தார்கள். பின்னால் தெருவே வந்தது. நடந்தபடியே ஒருவர் தலைப்பாகையைச் சரி செய்தார், ஒருவர் பல்லைப் பார்த்துக்கொண்டார். கூட்டத்தைக் கலைக்க வந்த பொலிஸ்காரர் பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு கடை வாசல் வரை கூடவே வந்தார். கண்ணாடிக்குத் தங்கமுலாம் பூசிய சட்டம், சிங்கப் பாதம் போல நாலு கால், உச்சியில் சிறகு முளைத்த இரண்டு குழந்தைகள். குழந்தைகளின் உடம்பில் துணி இல்லை. ஹாஜியார் அவற்றுக்கு ஒரு துண்டைச் சுற்றிவிட்டார். பிறகு அவை காய்ச்சல் கண்ட பிள்ளைகளைப் போல இருந்தன.

கண்ணாடி நின்ற இடத்தை மூன்று பக்கமிருந்தும் பார்த்த பிறகு, ஹாஜியார் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பெரஹெரா முடியிற மட்டும் நில்லு வேலு. அதுக்குப் பொறகு வேற எடம் பாத்துக்க. கோவிக்காத. இதுக்குக் கால் இரிக்கு, தானா நிக்கிது." கைக்கண்ணாடியை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினார். அது தொங்கிய ஆணியில் தன் கோட்டை மாட்டினார். தலதா மாளிகை யானை ஊர்வலம் முடியும் வரைக்கும் பெரிய கண்ணாடியைத் துடைத்து வைப்பது என் வேலை என்றானது. கூட்ஸ் ஷெட் மூட்டைகள் என் கண்ணுக்கு முன்னால் அடுக்கடுக்காக வந்தன. பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த பத்தர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "ஒனக்குப் பதிலா வந்திருக்கே, அது சோறு கேக்காது, லீவு கேக்காது. எங்கூடச் சேந்து மொதலாளியத் திட்டாது, அது ஒண்ணுதான் அதுல கொறை."

எகிப்துக்குப் போய் வந்தது

புத்தகத்தைப் படிக்க ஹாஜியாருக்கு இங்கிலீஷ் போதாது. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த நல்லதம்பி, யாழ்ப்பாணத்துக்காரர், பொழுது சாய வந்து ஒரு பிளேன்ரீ குடித்துக்கொண்டே படித்துச் சொல்வார். "எகிப்திலை பொன்னைத் தங்கடை தெய்வங்களின்ரை தசை எண்டு சொல்லுவினமாம், ஹாஜியார்." ஹாஜியார் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "அஸ்தஃபிருல்லாஹ். அத விடுங்க, கண்ணாடியப் பத்தி என்ன சொல்லிரிக்கு?" "செம்பை மினுக்கி மினுக்கிக் கண்ணாடி ஆக்கினவையாம். ராசாத்தி செத்தால் அதையும் சேத்துப் புதைக்கிறதாம்."

இதைத்தான் ஹாஜியார் மறுநாளிலிருந்து கல்யாணப் பெண்களிடம் சொல்லத் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. புதுச்சாமானைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் எப்படி விற்பது. தாலிக்கொடி பார்க்க வந்தவர்கள் செத்த ராணியைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கண்ணாடியிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்கள். ஒருநாள் பிரபுக்கள் வீடான வளவ்வ ஒன்றிலிருந்து ஒரு சிங்கள அம்மாள், மகளுக்கு வளையல் எடுக்க வந்திருந்தார். ஹாஜியார் தன் சிங்களத்தில் எகிப்தை முடித்து, சீனத்து வெண்கலக் கண்ணாடிக்குத் தாவி, பேயை விரட்ட அதை மாட்டி வைப்பார்கள் என்பதுவரை வந்தார். அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் சொன்னார்: "அவ்வளவு தூரம் எதுக்கு முதலாளி. இதோ தலதா மாளிகாவையிலேயே கண்ணாடியில விழுற பிம்பத்துக்குத்தான் நீராட்டுறாங்க. நீங்க அந்த வளையல எடுங்க."

கங்காணி சம்சாரம்

மலைக்கு மேலே ஒரு தோட்டத்துக் கங்காணி, கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக, சம்சாரத்தோடு வந்தார். மகளுக்குச் சடங்கு, பெண்டாட்டிக்கு ஒரு அட்டியல் எடுக்க வேண்டும். இந்தக் குடும்பம் கடைக்குப் பழக்கம். மூக்குத்தி, தோடு எல்லாம் என் கைக்கண்ணாடியில் பார்த்து எடுத்தவைதான். அட்டியலைக் கட்டிக்கொண்டு அந்த அம்மாள் பெரிய கண்ணாடியின் முன் போய் நின்றாள். ஹாஜியார் ஒரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு, இப்போது பார் என்பது போல என்னைப் பார்த்தார்.

அவள் அட்டியலைப் பார்க்கவே இல்லை. காலைப் பார்த்தாள். சேலைக் கரையைப் பார்த்தாள். கொழுந்துக்கூடைக் கயிறு வருஷக்கணக்காக உரசித் தோளில் வெளுத்துப்போயிருந்த இடத்தைப் பார்த்தாள். திரும்பி நின்று முதுகை எட்டிப் பார்க்க முயன்றாள். தோட்டத்தில் அவளிடம் இருந்தது உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதில் ஒரு தடவைக்கு ஒரு கண் தெரியும். கங்காணியும் ஒரு அடி நகர்ந்து தன்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அட்டியல் எப்படி இரிக்கு?" என்றார் ஹாஜியார். அவள் அதை அவிழ்த்து மேசையில் வைத்தாள். "நகை கெடக்கட்டும் மொதலாளி. ஏங்க, சேலைக்கடைக்கு வாங்க போவோம். இம்புட்டு நாளா நான் இப்படியா ஊருக்குள்ள நடந்துக்கிட்டு இருந்தேன், ஒருத்தரும் சொல்லலையே."

பேசும் குடை

நகைக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாதி, எந்த மதம், எந்த ஊர் என்றாலும் இதில் வித்தியாசம் இல்லை. மனைவி முன்னால் நின்று நகை பார்ப்பாள். புருஷன் பின்னால் நின்று குடையால் பேசுவார். குடை நுனி தரையில் தட்டினால், இதைவிடக் கனமானது கடையில் இல்லை என்று சொல்ல வேண்டும். குடை மெல்ல ஆடினால், இப்போது போட்டிருப்பதே அதிகம். ஹாஜியார் அதைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கு மேல இப்ப சரக்கில்ல," என்பார். புருஷனைக் காப்பாற்றினால் அடுத்த வருஷமும் வருவான் என்பது வியாபாரம். கைக்கண்ணாடியில் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார்; ஆகவே இந்தப் பேச்சு எத்தனையோ காலமாகத் தடையில்லாமல் நடந்துவந்தது.

நல்லதம்பி ஒரு சனிக்கிழமை மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் ஆசிரியை. ஒரு பதக்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு பெரிய கண்ணாடியின் முன் நின்றார். ரோமாபுரிச் சீமாட்டிகள் வெள்ளியில் கண்ணாடி வைத்திருந்தார்கள் என்று முந்தின நாள் படித்துச் சொன்ன உற்சாகத்தில் நல்லதம்பி, தன் முன்னால் நிற்பது என்ன சாமான் என்பதை மறந்துவிட்டார். குடை தட்டியது. பிறகு ஆடியது. ஹாஜியார் வாயைத் திறந்தவர் கண்ணாடிக்குள் அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டார். அம்மாள் திரும்பவில்லை. கண்ணாடிக்குள் இருந்த புருஷனிடமே நிதானமாகக் கேட்டார்: "எத்தினை வருசமா உந்தக் குடை இப்பிடிக் கதைக்குது?"

நாகரிகம் ரோமாபுரியில் நின்றது

அன்று எடுத்த சங்கிலி கடையிலேயே கனமானது. ஆனால் நல்லதம்பி அதன் பிறகு பிளேன்ரீக்கு வரவில்லை. புத்தகம் ரோமாபுரியில் நின்றது. சேதி கச்சேரி வழியாகப் போயிருக்க வேண்டும். மற்றப் புருஷன்மாரும் எங்கள் கடைப்பக்கம் வராமல் அடுத்த தெருவால் சுற்றிப்போனார்கள். பெரஹெராவுக்குச் சனம் வந்து குவிந்துகொண்டிருந்தது. யானை பார்க்க வந்தவர்கள் எங்கள் கண்ணாடியையும் பார்த்தார்கள். யானைக்கும் எதுவும் கொடுக்கவில்லை, எங்களுக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

ஹாஜியார் தோற்றுப் போகிற ஆள் இல்லை. முதலில் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு ஒரு பச்சைத் துணி கட்டினார். சேலையும் காலும் மறைந்தன. பிறகு இரண்டு பக்கமும் கட்டினார், குடைகள் மறைந்தன. முகம் தெரிந்தால் வயது தெரிகிறது என்று மேலேயும் இறக்கினார். கடைசியில் நடுவில் ஒரு பொட்டு இடம் மிஞ்சியது, கைக்கண்ணாடி அளவுக்கு. உயரமானவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு அதில் எட்டிப் பார்த்தார்கள். குள்ளமானவர்களுக்கு ஒரு முக்காலி போடச் சொன்னார் ஹாஜியார். முக்காலியைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஒரு கல்யாணப் பெண் முக்காலியில் ஏறி, அது போதாமல் நுனிக்காலில் எம்பி, தன் நெற்றிச்சுட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது பத்தர் வந்து பார்த்தார். ஊதுகுழலை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரியாத்தான் வந்திருக்கு மொதலாளி. இனிப் புடிக்க ஒரு கை வச்சிட்டீங்கன்னா முடிஞ்சிரும்."

ஹாஜியாருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கொடுத்திருந்த தவணை மாறவில்லை.

விற்க வந்தவள்

விற்க வருகிறவர்களுக்குக் கண்ணாடி தேவைப்படாது. அந்த வருஷம் அவர்கள்தான் அதிகம். சீலைத் தலைப்பில் முடிந்ததை அவிழ்த்து மேசையில் வைப்பார்கள். ஹாஜியார் உரைகல்லில் உரசுவார். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தோட்டத்துப் பெண் ஒருத்தி தனியாக வந்தாள். புருஷன் பேரைத் தோட்டத்துச் செக்ரோல் பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள் என்றாள். காதில் போட்டிருந்த தோட்டை அங்கேயே நின்று கழற்ற வேண்டியிருந்தது. கழற்றப் போனவள் நிறுத்தினாள். பச்சைத் துணிக்கு நடுவில் இருந்த பொட்டைப் பார்த்தாள். அதன் அருகில் போகவில்லை. என்னிடம், "அந்தச் சின்னக் கண்ணாடி இல்லீங்களா?" என்றாள். கல்யாணத்தின்போது அந்தத் தோட்டை என் கைக்கண்ணாடியில் பார்த்துத்தான் எடுத்தாளாம். எனக்கு அவளை நினைவில்லை. எத்தனையோ காது.

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் உரைகல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தபடியே மற்றக் கையால் சாவியை எடுத்து லாச்சியைத் திறந்தார். கண்ணாடியைப் பிடித்தேன். அவள் கீழே என்றும் சொல்லவில்லை, மேலே என்றும் சொல்லவில்லை. வலது காதைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி இடது காதை. நான் சுவரைப் பார்த்தேன். இந்த முறை கண்ணாடி சரியான பக்கம்தான் இருந்தது. அந்தக் கடையில் எத்தனையோ பேருக்குக் கண்ணாடி பிடித்திருக்கிறேன். அவள் சொன்னதை அதற்கு முன்பும் யாரும் சொன்னதில்லை, பிறகும் சொன்னதில்லை: "போதும்ணே, எறக்கிக்கங்க. ஒங்களுக்குக் கை வலிக்கும்."

பெரஹெரா முடிந்த மறுநாள்

காலையிலிருந்து மழை. தெருவில் மிதிபட்ட பூவும் யானைச் சாணமும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. நான் சோற்றுக் கோப்பையையும் துவாயையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, சொல்லிவிட்டுப் போக நின்றேன். கூட்ஸ் ஷெட் மேஸ்திரியிடம் முந்தின நாளே கேட்டு வைத்திருந்தேன். "வா, ஆனா கை மெலிஞ்சிருச்சேடா," என்றிருந்தார். பத்தர் அடுப்பை மூட்டாமல் வாசற்படியில் குந்தியிருந்தார்.

கெலிஓயா பஸ் தாமதம். ஹாஜியார் தொப்பலாக நனைந்து வந்தார். கோட்டைக் கழற்றினார். அவருக்குப் பக்கத்திலேயே கைக்கண்ணாடி தொங்கிய ஆணி இருந்தது. அதைத் தாண்டி நாலடி நடந்து, கோட்டைப் பெரிய கண்ணாடியின் மேல் விரித்துப் போட்டார். சிறகு முளைத்த குழந்தைகள் இரண்டும் அதற்குள் மறைந்தன. மிஞ்சியிருந்த பொட்டும் மறைந்தது. சட்டத்தின் தங்கமுலாம் வழியாகத் தண்ணீர் சொட்டியது. ஹாஜியார் உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, லாச்சியைத் திறந்து தராசை எடுத்தார். பூட்டவில்லை. நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் வாசலில் ஒரு அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

மூக்குத்தி பார்க்க வந்தவர். ஹாஜியார் தட்டை எடுத்து வைத்தார். அம்மாள் ஒன்றைப் பொறுக்கி மூக்கருகில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு லாச்சியிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். "இன்னும் கொஞ்சம் மேலே," என்றார் அம்மாள். ஏற்றினேன்.

எகிப்திலிருந்து ரோமாபுரி வரைக்கும் யார் யார் கண்ணாடி பார்த்தார்கள் என்று எழுதிய அந்தப் புத்தகத்தில், பிடித்துக்கொண்டு நின்றவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பது நல்லதம்பி படித்தவரைக்கும் எனக்குத் தெரியும்.

அம்மாள் போன பிறகு கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து ஆணியில் மாட்டினேன்.